வாக்கர், ஃபுல்லர், டக்கர்: ஒரே வேலை, மூன்று குடும்பப் பெயர்கள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

வாக்கர் என்ற ஆங்கிலேயக் குடும்பப் பெயரைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஃபுல்லர், டக்கர் என்ற இன்னும் இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சொன்னால்தான் வாக்கரின் கதை புரியும். அதனால் மூன்றையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு, கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

வாக்கர்னா நடக்கிறவர்தானே? ஊர் ஊரா நடந்த யாரோ ஒரு தாத்தாவோட பேரா?

இல்லை. காலையில் பூங்காவைச் சுற்றிவரும் வாக்கர்ஸ் கிளப்காரர்களுக்கும் இந்தக் குடும்பப் பெயருக்கும் தூரத்து உறவுதான். வாக்கர் என்பது ஒரு தொழிலின் பெயர். தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு மிதித்துப் பதப்படுத்துகிறவருக்கு அந்தப் பெயர்.

பழைய ஆங்கிலத்தில் இதன் வேர்ச்சொல்லுக்கு உருட்டுதல், புரட்டுதல் என்றுதான் பொருள். நடப்பது என்ற பொருள் பின்னால் வந்து பழையதை விழுங்கிவிட்டது. இன்றைக்கு ஆங்கிலேயர்களிலேயே பலர், நீங்கள் நினைத்ததைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

துணியை எதுக்கு மிதிக்கணும்? நெய்தா கட்டிக்க வேண்டியதுதானே?

பருத்திக்கு அது சரி. கம்பளி வேறு விஷயம். தறியிலிருந்து வரும் கம்பளித் துணி தளர்வாக, இழைக்கு இழை இடைவெளியோடு இருக்கும். ஆட்டு ரோமத்தின் இயல்பான பிசுக்கும், நூற்கும்போது தடவிய எண்ணெயும் அதில் ஒட்டியிருக்கும். அப்படியே உடுத்தினால் காற்றும் தாங்காது, மழையும் தாங்காது.

அதனால் துணியைத் தொட்டியில் போட்டு, பிசுக்கை எடுக்கும் சரக்கைச் சேர்த்து, வெறுங்காலால் மணிக்கணக்கில் மிதிப்பார்கள். ரோம இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணி சுருங்கும், தடிக்கும். கம்பளி ஸ்வெட்டரைத் தெரியாமல் வெந்நீரில் போட்டு வாஷிங் மெஷினில் சுற்றவிட்டவர்களுக்கு நடப்பது இதேதான். அங்கே அது விபத்து, இங்கே வேண்டுமென்றே செய்வது. மிதித்து முடிந்ததும் அலசி, சுருங்கிய துணியை நீளமான மரச்சட்டங்களில் வளைந்த கொக்கிகளால் மாட்டி, இழுத்துக் கட்டி வெயிலில் காயவைப்பார்கள்.

அந்தப் பிசுக்கெடுக்கும் சரக்குகளில் ஒன்று உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். முகத்துக்குப் பூசும் முல்தானி மிட்டி பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பல பாக்கெட்டுகளில் ஆங்கிலத்தில் 'ஃபுல்லர்ஸ் எர்த்' என்று போட்டிருக்கும், அதாவது ஃபுல்லரின் மண். ஃபுல்லர் என்பதும் இதே துணி மிதிப்பவருக்கு இன்னொரு பெயர்தான். முகத்தில் இருக்கும் எண்ணெயை அது எப்படி உறிஞ்சுகிறதோ அப்படியே கம்பளியின் எண்ணெயையும் உறிஞ்சும். லண்டனுக்குத் தெற்கே சரே மாவட்டத்தில் நட்ஃபீல்டு பக்கம் இந்த மண்ணைத் தோண்டி எடுத்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் இதை வெளிநாட்டுக்கு அனுப்பச் சட்டப்படி தடை இருந்தது. போட்டி நாட்டுத் துணிக்காரர்கள் கைக்குப் போய்விடக் கூடாது என்ற பயம்தான்.

சிறுநீரையும் ஊத்தினாங்கன்னு எங்கேயோ படிச்சேன். கட்டுக்கதைதானே?

உண்மை. பழைய சிறுநீரில் அமோனியா சேரும். அது கொழுப்பைக் கரைக்கும். ரோமானியர்கள் காலத்திலேயே இந்த வழக்கம் இருந்தது. பேரரசர் வெஸ்பாசியன் அந்த வியாபாரத்துக்கு வரியே போட்டார். யார்க்ஷயரில் 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் வீடுகளில் சேர்த்துவைத்த சிறுநீரைத் துணித் தொழிலுக்காக வாங்கிப் போனார்கள். குளிர்காலத்தில் அந்தத் தொட்டிக்குள் முழங்கால் வரை நின்று மிதித்தவர்களின் பெயர்தான் இன்று வங்கித் தலைவர்களுக்கும் ஜனாதிபதிகளுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, வேலை ஒண்ணுதானே? பேர் மட்டும் எதுக்கு மூணு?

இங்கிலாந்து முழுக்க ஒரே மாதிரி ஆங்கிலம் பேசப்பட்ட காலம் அல்ல அது. வடக்கிலும், மத்தியப் பகுதியின் மேற்கிலும் இந்தத் தொழிலாளி வாக்கர். தெற்கிலும் கிழக்கிலும் ஃபுல்லர். டெவன், கார்ன்வால், சாமர்செட் போன்ற தென்மேற்கு மாவட்டங்களில் டக்கர். ஃபுல்லருக்கு மூலம் லத்தீன். பழைய ஆங்கிலத்திலேயே அந்தச் சொல் வந்துவிட்டது, பிறகு பிரான்ஸிலிருந்து படையெடுத்து வந்த நார்மன்கள் கொண்டுவந்த பிரெஞ்சு அதற்கு வலுச் சேர்த்தது. டக்கரின் வேருக்குப் பழைய ஆங்கிலத்தில் துன்புறுத்துதல் என்று பொருள். துணி படும் பாட்டைப் பார்த்தால் பொருத்தம்தான்.

ஒரே பொருள் என்பதற்கு நேரடிச் சான்றும் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த விக்ளிஃப் பைபிள் என்ற ஆங்கில மொழிபெயர்ப்பில், மாற்கு சுவிசேஷம் 9ஆம் அதிகாரத்தில், இயேசுவின் உடை உலகில் யாராலும் வெளுக்க முடியாத வெண்மையாக ஆனது என்று வரும் இடத்தில் 'ஒரு ஃபுல்லர், அல்லது துணி வாக்கர்' என்று இரண்டு சொல்லையும் போட்டிருக்கிறார்கள். ஒரு சொல் மட்டும் இருந்தால் பாதி நாட்டுக்குப் புரியாது என்று நினைத்திருப்பார்கள் போல. தமிழ் பைபிளில் அதே இடத்தில் வண்ணான் என்று இருக்கும். புதுத்துணியைப் பதப்படுத்துகிறவரும் அழுக்குத் துணியை வெளுக்கிறவரும் பழைய காலத்தில் பல இடங்களில் ஒரே ஆள்.

இப்பவும் அந்த எல்லை தெரியுமா? இல்ல எல்லாரும் கலந்துட்டாங்களா?

கலந்துவிட்டார்கள். ஆனாலும் தெரிகிறது. இதைப் பார்க்க எல்லோரும் எடுத்துக்கொள்வது 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை. ஒவ்வொருவரின் பெயரும் ஊரும் அதில் முழுசாக இருக்கிறது, கணினியிலும் ஏற்றியாகிவிட்டது. ரயில் வந்து ஐம்பது வருடம் ஆன பிறகும், யார்க்ஷயர், லங்காஷயர், டார்பிஷயர் பக்கம் வாக்கர்கள் குவிந்து கிடக்கிறார்கள். டக்கர் என்றால் டெவன்தான் தலைமையிடம். ஃபுல்லர்கள் சசெக்ஸ், கென்ட், சஃபோக், நார்ஃபோக் என்று தென்கிழக்கு ஓரமாக.

ஊர்ப் பெயர்களும் அதே கோட்டில் நிற்கின்றன. லங்காஷயரில் பர்ன்லி பக்கத்தில் வாக் மில் என்று ஒரு ஊர். கார்ன்வாலில் கேம்போர்ன் பக்கத்தில் டக்கிங்மில். இரண்டும் துணி மிதிக்கும் ஆலை இருந்த இடங்கள். வேல்ஸில் அதே ஆலைக்குப் பாண்டி என்று பெயர். சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தால் பெயர் பெற்ற டோனிபாண்டி அப்படி வந்த பெயர். நம் பாண்டி இல்லை, ஆசைப்பட வேண்டாம்.

டெவனின் எக்ஸீட்டர் நகரத்துக்குப் போனால் டக்கர்ஸ் ஹால் என்ற கட்டடத்தைப் பார்க்கலாம். நெசவாளர், துணி மிதிப்பவர், துணியின் மேல் ரோமத்தைக் கத்தரிப்பவர் ஆகிய மூன்று தொழிலாளர்களும் சேர்ந்த சங்கத்துக்காக 1471இல் எழுந்தது. அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. வேறு பகுதியாக இருந்திருந்தால் கட்டடத்தின் பெயரும் வேறாக இருந்திருக்கும்.

இந்தப் பேரெல்லாம் பரம்பரையா எப்போ நிலைச்சுது?

1066இல் நார்மன்கள் வந்த பிறகு, முதலில் நிலப்பிரபுக்கள் நடுவே. சாமானியர்களுக்கு அது இறங்கிவர இருநூறு, முந்நூறு வருடம் பிடித்தது. சுமார் 1400 வாக்கில் பெரும்பாலான ஆங்கிலேயக் குடும்பங்களுக்கு அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகும் பெயர் வந்துவிட்டது. தெற்கில் கொஞ்சம் முன்னே, வடக்கில் கொஞ்சம் பின்னே.

இந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த நேரத்தில் எடுத்த ஒரு படம் மாதிரி நமக்குக் கிடைத்திருப்பது 1379ஆம் வருடத் தலைவரிப் பட்டியல். யார்க்ஷயர் பட்டியலில் பலருக்குப் பெயரோடு தொழிலும் எழுதியிருக்கிறது. பெயரும் தொழிலும் ஒன்றாக இருப்பவர்களும் உண்டு, பெயர் ஒன்றும் தொழில் வேறொன்றுமாக இருப்பவர்களும் உண்டு. இரண்டாவது வகைக்காரர்களைப் பார்த்தால் பெயர் பரம்பரையாகிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

அப்போ நம்ம ஊர் சாதிப் பேர் மாதிரிதானா இது?

இதைக் கேட்காத தமிழர் கிடையாது. இல்லை என்பதுதான் பதில். தொழிலோடு பெயர் ஒட்டியது ஒரு தலைமுறையில் நடந்த தற்செயல். அடுத்த தலைமுறை வாக்கர் விவசாயியாகவோ பாதிரியாராகவோ ஆனால் யாரும் தடுக்கவில்லை, பெயர் மட்டும் கூடவே போனது. வாக்கர் வாக்கரைத்தான் கட்டவேண்டும் என்ற விதியும் கிடையாது. வாக்கர் வீட்டுப் பெண் ஃபுல்லரையோ ஸ்மித்தையோ கட்டிக்கொண்டு போனால் பெயரும் போயிற்று. இங்கிலாந்தில் வர்க்க பேதம் நன்றாகவே இருந்தது, ஆனால் அது இந்தப் பெயர்களில் எழுதப்பட்டிருக்கவில்லை.

காலால மிதிக்கிறது எப்போ நின்னுது? மில்லுனு சொல்றீங்களே?

நினைப்பதைவிட ரொம்ப முன்னாடியே. தண்ணீர்ச் சக்கரம் சுழன்று, கனமான மரச் சம்மட்டிகள் மாறி மாறித் தூக்கித் துணித் தொட்டியில் விழும் ஆலைகள் இங்கிலாந்தில் 12ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டன. டெம்ப்ளர் என்ற வீரத்துறவிகள் அமைப்பின் 1185ஆம் வருடச் சொத்துப் பட்டியலில் யார்க்ஷயரிலும் காட்ஸ்வோல்ட் பகுதியிலும் இப்படி ஆலைகள் பதிவாகியிருக்கின்றன. பெயர்கள் பரம்பரையாக நிலைத்த காலத்தில் பல வாக்கர்கள் காலை நனைக்காமல் ஆலையைக் கவனித்துக்கொண்டிருந்தவர்கள்தான். மிதிப்பது போனாலும் பெயர் போகவில்லை.

நகரத்தில் காலால் மிதித்துப் பிழைத்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. துணியை வெளியூர் ஆலைக்கு அனுப்பாதே என்று லண்டனில் 13ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே சண்டை போட்டிருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடிஸ் தீவுகளில் மட்டும் 20ஆம் நூற்றாண்டு வரைக்கும் கைவேலை நீடித்தது. பெண்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஈரத் துணியைத் தாளத்துக்கு அடித்தபடி கேலிக் என்ற ஸ்காட்லாந்து மொழியில் பாடுவார்கள். அந்தப் பாட்டுகளின் ஒலிப்பதிவுகள் கிடைக்கின்றன. நடவுப் பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு உடனே பிடிபடும்.

வாக்கர் மட்டும் ஏன் இவ்வளவு பேர்? மத்த ரெண்டும் அவ்வளவா கண்ணுல படலையே?

வாக்கர் இன்றைக்கு இங்கிலாந்தின் முதல் இருபது குடும்பப் பெயர்களுக்குள் வரும். ஃபுல்லரும் டக்கரும் அரிய பெயர்கள் இல்லை, ஆனால் அந்த வரிசையில் அவை ரொம்பக் கீழே.

முதல் காரணம் பரப்பளவு. வாக்கர் என்று சொன்ன நிலம் பெரியது. மற்றொன்று, தொழில் புரட்சிக்குப் பிறகு லீட்ஸ், பிராட்ஃபோர்டு, ஷெஃபீல்டு, மான்செஸ்டர் என்று மக்கள்தொகை ஊதிப்பெருத்த இடங்களெல்லாம் வாக்கர் நிலத்தில்தான் இருந்தன. டெவனின் துணித் தொழில் 18ஆம் நூற்றாண்டில் சரிந்தது. அங்கிருந்து ஆட்கள் வெளியேறினார்கள். பிரிஸ்டல் கால்வாயைத் தாண்டித் தெற்கு வேல்ஸ் சுரங்கங்களுக்குப் போனவர்களில் டக்கர்களும் உண்டு. ஸ்காட்லாந்துக் கணக்கு தனி. அதை அடுத்த பதிலில் பார்ப்போம்.

ஜானி வாக்கரும் இந்த வாக்கர்தானா?

இதற்குத்தானே எல்லோரும் காத்திருந்தீர்கள்! ஆமாம், அதே பெயர்தான். ஜான் வாக்கர் ஸ்காட்லாந்தின் கில்மார்னக் ஊரில் 1820இல் மளிகைக்கடை வைத்தவர். ஸ்காட்லாந்திலும் துணி மிதிப்பவருக்கு வாக்கர் என்றே சொன்னார்கள். அதோடு, துணி மிதிப்பவரின் மகன் என்று பொருள்படும் மேக்நுக்கேட்டர் என்ற கேலிக் குடும்பப் பெயரை விட்டுவிட்டு வாக்கர் என்று மாற்றிக்கொண்டவர்களும் அங்கே இருந்தார்கள்.

பாட்டிலில் தொப்பியும் கைத்தடியுமாக ஒரு மனிதர் நடந்துபோகிறாரே, அந்தப் படம் 1908இல் டாம் பிரவுன் என்ற ஓவியர் வரைந்தது. முதல் கேள்வியில் சொன்ன தப்பான பொருள் உலகம் முழுக்கப் பரவியதில் அந்தப் படத்துக்கும் பங்கு இருக்கலாம். தொட்டிக்குள் நின்று துணியை மிதிக்கும் மனிதரை லேபிளில் போட்டால் யார் வாங்குவார்கள், அதுவும் நியாயம்தான். பத்ருதீன் காஜி என்ற இந்தி நகைச்சுவை நடிகருக்கு ஜானி வாக்கர் என்ற பெயர் வந்தது இந்த பாட்டிலிலிருந்து. அதனால் அவரை வாக்கர் வம்சத்தில் சேர்க்க வேண்டாம்.

அமெரிக்காவுல கறுப்பின மக்கள் நிறையப் பேருக்கு வாக்கர்னு இருக்கே, எப்படி?

அடிமைமுறையின் தடம் அது. தோட்ட முதலாளிகளின் பெயரோ, அந்தப் பகுதியில் புழங்கிய பெயரோ, விடுதலைக்குப் பிறகு தாங்களே தேர்ந்தெடுத்ததோ, பல வழிகளில் வந்தது. யார்க்ஷயர் துணித்தொட்டிக்கும் அவர்களுக்கும் இரத்த உறவு இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. தலைமுடிப் பராமரிப்புப் பொருள்களை விற்றுப் பெரும் செல்வம் சேர்த்த மேடம் சி. ஜே. வாக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 1867இல் லூசியானாவில் சாரா பிரீட்லவ் என்ற பெயரில் பிறந்தவர். வாக்கர் அவர் கணவரின் பெயர்.

இன்னொரு பக்கம், ஜார்ஜ் டபிள்யூ. புஷ் பெயரில் இருக்கும் டபிள்யூவும் வாக்கர்தான். அவருடைய பாட்டி டோரதி, வங்கியாளர் ஜார்ஜ் ஹெர்பர்ட் வாக்கரின் மகள். கோல்ஃபில் வாக்கர் கோப்பை என்று ஒன்று இருக்கிறதே, அதுவும் அவர் பெயரில்தான்.

ஃபுல்லர்ல பெரிய ஆள் யாராவது உண்டா?

எனக்குப் பிடித்தவர் சசெக்ஸின் பிரைட்லிங் ஊரைச் சேர்ந்த ஜான் ஃபுல்லர். 'மேட் ஜாக்', அதாவது கிறுக்கு ஜாக் என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். 1757இல் பிறந்தவர், நாடாளுமன்ற உறுப்பினர். குடும்பச் சொத்து இரும்பு வார்ப்பிலிருந்தும் ஜமைக்காவின் அடிமைத் தோட்டங்களிலிருந்தும் வந்தது. அவரே நாடாளுமன்றத்தில் அடிமைமுறைக்கு ஆதரவாகப் பேசியவர். அதே ஆள் லண்டனில் ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற அறிவியல் நிறுவனத்துக்குப் பணம் கொடுத்து ஏற்படுத்திய வேதியியல் பேராசிரியர் பதவியில் 1833இல் முதலில் உட்கார்ந்தவர் மைக்கேல் ஃபாரடே.

தனக்குக் கல்லறையாகத் தேவாலய வளாகத்தில் ஒரு பிரமிடு கட்டிவைத்தார். உள்ளே தொப்பியோடு, மேஜை முன்னால் ஒயின் பாட்டிலுடன் உட்கார்ந்த நிலையில் இருக்கிறார் என்று ஊரே நம்பியது. 1982இல் பழுதுபார்க்கத் திறந்தபோது, எல்லோரையும் போலத் தரைக்கடியில்தான் புதைத்திருந்தார்கள். இவர் தென்கிழக்கு ஃபுல்லர் என்பது சொல்லாமலே தெரியும். 1620இல் மேஃப்ளவர் கப்பலில் அமெரிக்கா போன எட்வர்ட், சாமுவேல் ஃபுல்லர் சகோதரர்கள் நார்ஃபோக்காரர்கள்.

டக்கருன்னா சென்னையில 'சூப்பர்'னு அர்த்தம். அதுக்கும் இதுக்கும்…?

சம்பந்தமே இல்லை. ஒலி ஒன்று, அவ்வளவுதான்.

பாளையங்கோட்டை சாரா டக்கர் காலேஜ்?

அதற்குச் சம்பந்தம் உண்டு. சாரா டக்கர் இங்கிலாந்துப் பெண்மணி. சென்னையில் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷனில் இருந்த ஜான் டக்கர் பாதிரியாரின் சகோதரி. உடல்நலம் இடம்கொடுக்காததால் அவர் திருநெல்வேலிக்கு மட்டுமல்ல, இந்தியாவுக்கே வந்ததில்லை. சகோதரரின் கடிதங்களில் தெரிந்துகொண்டு, இங்கிருந்த பெண்களின் படிப்புக்காக அங்கே உழைத்தார். இன்று தென்தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான பட்டச் சான்றிதழ்களில் டெவன் துணிக்காரரின் தொழில்பெயர் இருக்கிறது. அந்தக் குடும்பம் டெவன்தானா என்று பெயரை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஏன் என்பது அடுத்த இரண்டு பதில்களில் வருகிறது.

அப்போ எல்லா டக்கரும் ஒரே குடும்பம்தானே? டி.என்.ஏ. பார்த்தா தெரியாதா?

இல்லை. டெவனில் ஆற்றுக்கு ஆறு ஒரு ஆலை, ஆலைக்கு ஆலை ஒரு டக்கர். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பெயர் வாங்கியவர்கள். வாக்கருக்கு இது இன்னும் பல மடங்கு. லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங், மார்க் ஜாப்ளிங் இருவரும் ஆண்வழி ஒய் குரோமோசோமை வைத்துக் குடும்பப் பெயர்களை ஆராய்ந்தார்கள். ஆட்டன்பரோ மாதிரி அரிய பெயர் உள்ள ஆண்கள் பெரும்பாலும் ஒரே மூதாதையைக் காட்டினார்கள். ஸ்மித் மாதிரி பெருந்தொழில் பெயரில் அப்படி எதுவும் தெரியவில்லை. வாக்கர் இரண்டாவது வகைக்கு நெருக்கமான பெயர்.

துணியோடு சம்பந்தமே இல்லாத வாக்கர், டக்கர் உண்டா?

உண்டு. நியூகாசில் நகரத்தில் டைன் ஆற்றங்கரையில் வாக்கர் என்றே ஒரு பகுதி இருக்கிறது. ரோமானியர் கட்டிய ஹாட்ரியன் சுவரை ஒட்டிய சதுப்பு நிலம் என்று பொருள். அந்த ஊர்க்காரர் என்பதால் பெயர் வந்த குடும்பங்கள் சில இருக்கலாம். அரசரின் காடுகளில் ஒரு பகுதியைச் சுற்றிவந்து காவல் காத்தவரையும் வாக்கர் என்பார்கள். ஆனால் அந்த வழக்கு பரவலாவதற்குள் பெயர்கள் நிலைத்துவிட்டன. அதை முக்கிய மூலமாகச் சொல்லும் விளக்கங்களை நான் நம்புவதில்லை. அயர்லாந்தில் ஓ துவாஹர் என்ற பழைய ஐரிஷ் பெயரை ஆங்கிலப்படுத்தும்போது டக்கர் என்று எழுதிக்கொண்டவர்கள் உண்டு. அவர்கள் முன்னோர் ஒரு துணியையும் மிதித்ததில்லை.

என் கம்பெனியில ஒரு வாக்கர் இருக்கார். யார்க்ஷயரானு கேட்டா அவருக்கே தெரியலை. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பெயரிலிருந்து ஆரம்பிக்காமல் அவரிடமிருந்து பின்னோக்கிப் போகச் சொல்லுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பு அரசுப் பதிவு 1837இல் தொடங்கியது, ஸ்காட்லாந்தில் 1855இல். ஒவ்வொருவர் பெயரையும் குறித்த கணக்கெடுப்புகள் 1841 முதல் பத்து வருடத்துக்கு ஒன்று. 1851 முதல் பிறந்த ஊரும் எழுதியிருக்கும், அதுதான் பொன் மாதிரியான தகவல். அதற்கு முன்னால் தேவாலயப் பதிவேடுகள். அரசர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஆணைப்படி 1538இல் தொடங்கியவை, எல்லா ஊரிலும் பிழைத்திருக்காது.

சிக்கல் ஒன்று உண்டு. யார்க்ஷயரின் ஒரே ஊரில் ஒரே காலத்தில் நான்கு ஜான் வாக்கர்கள் இருப்பது சர்வசாதாரணம். மனைவி பெயர், தொழில், சாட்சிக் கையெழுத்து மூன்றும் ஒத்துப்போகாமல் எந்த ஜானையும் தாத்தாவாக்கிக்கொள்ள வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.